தொட்டில் உன் முதுகுக்குப் பின்னால் இருந்தது

ராசா,

இதைப் போனில் சொல்லத்தான் நினைத்தேன். நான் வாயைத் திறந்தாலே நீ "டவர் சரியில்லம்மா, பெறகு கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறாய். கொச்சியில் உன் ஸ்டுடியோவுக்கு எதிர் மாடியிலேயே டவர் நிற்கிறதாம், ஜின்சி சொன்னாள். சரி, காகிதத்துக்கு டவர் வேண்டியதில்லை. பாப்பாவுக்குத் தை மாதம் காதுகுத்து வைத்திருக்கிறோம். ஜின்சியின் அண்ணன் நெடுங்கண்டத்தில் இப்போதே சம்மணம் போட்டு உட்காரப் பழகுகிறானாம், தாய்மாமன் மடியில்தானே பிள்ளை உட்கார வேண்டும் என்று. ஆசாரிக்குச் சொல்லியாயிற்று. கிடாய்க்கும் சொல்லியாயிற்று. உன் காரியம் ஒன்றுதான் பாக்கி. அது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீ காகிதத்தை மடித்து வைத்துவிடக் கூடாது பார். உனக்குக் காது கேட்கவில்லை. அதைக் காதுகுத்துக்கு முன்னால் நீ உன் பெண்டாட்டியிடம் உன் வாயால் சொல்ல வேண்டும்.

கோபம் வரும். வந்தாலும் மேலே படி.

ஐப்பசியில் நீங்கள் மூவரும் கம்பத்துக்கு வந்திருந்தீர்களே, அப்போது ஒரு மத்தியானம் ஜின்சி குமுளியில் அவள் சித்தியைப் பார்க்கப் போயிருந்தாள். பிள்ளையை உன்னிடம் விட்டுவிட்டு நான் காய் வாங்கப் போனேன். திரும்பி வரும்போது தெரு முனையிலேயே பாப்பாவின் அழுகை கேட்டது. எதிர்வீட்டுக்காரி வாசலில் நின்றுகொண்டு, "என்னக்கா, பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போனீக? இம்புட்டு நேரமா கத்துதே" என்றாள். பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். நடு அறையில் நீ லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாய். தொட்டில் உன் முதுகுக்குப் பின்னால், கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது. பிள்ளை அழுது அழுது நீலம் பாரித்துக் கிடந்தாள். தொட்டில் கயிற்றின் வழியே எறும்பு இறங்கி, கழுத்து மடிப்பில் எல்லாம் கடித்திருந்தது. என் நிழல் தரையில் விழுந்த பிறகுதான் நீ நிமிர்ந்தாய். சிரித்துக்கொண்டு, "என்னம்மா, அதுக்குள்ள வந்துட்ட?" என்று கேட்டாய். நான் தொட்டிலுக்குப் பாய்ந்ததைப் பார்த்துத்தான் நீயும் பாய்ந்தாய். "ஹெட்போன் போட்டிருந்தேம்மா" என்றாய். ஹெட்போன் ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரும்போதே அதை நான் பார்த்துவிட்டேன்.

 அன்றிலிருந்து உன்னைக் கவனிக்கத் தொடங்கினேன். குக்கர் விசில் அடிக்கும்போது நீ திரும்புவதில்லை. யாராவது பேசினால் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்க்கிறாய். சாப்பிட உட்கார்ந்தால் சுவரோரமாக, வலது பக்கம் ஆள் வரும்படி பார்த்து உட்காருகிறாய். எல்லாரும் சிரித்து முடிக்கும் நேரத்தில் நீ சிரிக்க ஆரம்பிக்கிறாய். ஒருவர் நீளமாகப் பேசிவிடுவாரோ என்று நீயே முந்திக்கொண்டு பேசுகிறாய். ஊரில் உன்னை வாய் ஓயாதவன் என்கிறார்கள். சின்ன வயதில் உன்னைப் பேசவைக்கவே பாடாய்ப் பட வேண்டும். இதெல்லாம் எனக்குப் புதிதில்லை ராசா. இந்த வித்தையை எல்லாம் பல வருஷம் ஒரே ஆளிடம் பார்த்துக் குடும்பம் நடத்தியவள் நான்.

உன் அப்பாவின் மைக் செட் கடையில் நீ வளர்ந்தவன், அதைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவருக்குக் காது போக எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்கிறேன். கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை எந்த ஊர்க் கோயில் கொடை என்றாலும் நம் குழாய் ஸ்பீக்கரைத்தான் கட்டுவார்கள். குழாய்க்குக் கீழேயே பாயை விரித்துத் தூங்குகிற மனுஷன். உன்னையும் தூக்கிக்கொண்டு போவார். நான் உன் காதில் பஞ்சை உருட்டி வைத்து அனுப்புவேன். ஒரு தடவை கடை வாசலில், ஆட்கள் பார்க்க, அதைப் பிடுங்கி எறிந்தார். "ஏலே, மைக் செட்டுக்காரன் மகன் காதுல பஞ்சா? பஞ்ச செத்த அன்னைக்கு வச்சுக்கிருவம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு நான் பஞ்சு வைத்தால் நீயே எடுத்துப் போட்டுவிடுவாய். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் இந்தத் திமிர் உண்டு. சாராயக் கடைக்காரன்கூடத் தன் பிள்ளை குடிக்கக் கூடாது என்று நினைப்பான். சத்தத்தில் பிழைக்கிறவன் மட்டும் சத்தம் தன்னை ஒன்றும் செய்யாது என்று நம்புவான்.

மதுரையில் இன்ஜினியரிங் படிக்கப் போன இடத்திலிருந்து நீ கிடாரோடு வந்து நின்றாய். அதை அப்பாவின் ஆம்ப்ளிபயரில் மாட்டி, குழாயில் கொடுத்து வாசித்தாய். பலசரக்குக் கடை அண்ணாச்சி எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டே ஓடி வந்தார், ஏதோ வெடித்துவிட்டது என்று. உன் அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. லீவு விட்டால் நீயும் உன் பேண்டுப் பையன்களுமாக நாலு பேரும் இங்கே வந்துவிடுவீர்கள். திராட்சை முடிந்து காலியாகக் கிடந்த தகரக் கொட்டகைக்குள் டிரம்மையும் பெட்டிகளையும் அடைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நாள் முழுக்க வாசிப்பீர்கள். அந்த ரோஷன் பாடுவான், அதைப் பாட்டு என்று சொன்னால். சாப்பாடு கொண்டுவரும்போது எனக்குப் பல் கூசும். வெளியே வந்ததும் நீ காதைக் குடைந்துகொண்டு, "ங்ஙொய்னு கேக்குதும்மா, காலைல சரியாயிரும்" என்பாய். காலையில் சரியாகத்தான் போயிற்று, பல வருஷம்.

பெங்களூரில் உங்கள் கச்சேரிக்கு அப்பாவும் வந்தாரே, நினைவிருக்கிறதா? நாற்காலி போட்டுக் கொடுத்தும் உட்காரவில்லை. மேடைக்குக் கீழே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்த ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கடைசிப் பாட்டு வரை அங்கேயே நின்றார். திரும்பி வந்து என்னிடம், "நம்ம பய சவுண்டு நெஞ்சுல அடிக்குதுடி" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நீ அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாய். அவருக்கு அப்போது கையில்தான் கேட்டது.

அதற்கு முன்பே ஊரில் முணுமுணுப்பு வந்துவிட்டது. கீச்சுச் சத்தம் முதலில் போகும் போலிருக்கிறது. தனக்குக் கேட்கவில்லை என்று அவர் அதைக் கூட்டுகிற ட்ரெபிள் திருகைத் திருகிக்கொண்டே போனார். அவருக்கு அது தெளிவு. ஊருக்கு அது ரம்பம். கோயில் கமிட்டிக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அவர் டீ குடிக்கப் போகும்போது போய்க் குறைத்து வைத்தார்கள். திரும்பி வந்தவர் மறுபடியும் கூட்டுவார். யாரும் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, மரியாதையாம். அடுத்த கொடைக்கு வேறு செட்டுக்காரனைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பிடித்து இழுக்காத குறையாக அவரை மதுரைக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துப் பார்த்த டாக்டர், நரம்பு செத்துவிட்டது, திரும்ப வராது, மெஷின் போட்டால் இருக்கிறதை வைத்து ஓட்டலாம் என்றார். மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். கண்டக்டரின் விசில் கேட்டதும் பச்சைப் பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பத்தில் இறங்குவதற்கு முன்னால் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "மைக் செட்டுக்காரன் காதுல மெஷின் மாட்டிக்கிட்டுப் போனா எவன்டி ஆர்டர் குடுப்பான்?" என்றார். கடை மேஜை டிராயரில், ப்யூஸ் கம்பிகளுக்கு நடுவில் அதை வைத்தார். பிறகு நான்தான் அவருக்குக் காதாக இருந்தேன். எதிரில் நின்று கையால் சொல்வேன், வாயை அசைத்துச் சொல்வேன். நான் கூட இல்லாத இடத்தில் அவர் எப்படி இருப்பார் என்று யோசிக்கவில்லை.

அந்த இடத்தில் நீ இருந்தாய். கூடலூர்ப் பக்கத்துக் கொடைக்கு ஆள் குறைகிறது என்று நீயும் உடன் போனாய். கரண்டு போயிருந்த நேரம். தெருவோரக் கரண்டுக் கம்பிக்குக் கீழே, கட்டடத்து மொட்டைச் சுவரில் ஏறி, குழாய் கட்டின இரும்புக் கம்பத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். லைனில் கரண்டு திரும்ப வந்ததை முதலில் பார்த்தவன் நீ. "அப்பா, லைன் வந்துருச்சு, கைய எடுங்க" என்று கத்தினாய். தெருவே திரும்பிப் பார்த்தது என்றார்கள். அவர் திரும்பவில்லை. உனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கம்பத்தைக் கொஞ்சம் உயர்த்தினார்.

நீ என்ன பார்த்தாய் என்று நான் எழுத மாட்டேன். நடு வீட்டில் கிடத்தியபோது யாரோ பஞ்சை உருட்டி அவர் மூக்கிலும் காதிலும் வைத்தார்கள். நீ அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். நானும் பார்த்தேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புத்தான் ஓடியிருக்கும், நாம் அதைப் பேசிக்கொண்டதில்லை. கவனக் குறைவு என்றது ஊர். விதி என்றார்கள் சிலர். மெஷின் டிராயரில் இருந்தது.

நீ அந்த வார்த்தையைப் பாட்டாகப் போட்டாய். "லைன் வந்துருச்சு, லைன் வந்துருச்சு" என்று ரோஷன் தொண்டை கிழியக் கத்துவான், நீ பின்னால் வாசிப்பாய். போகிற ஊரில் எல்லாம் பிள்ளைகள் கூடவே கத்திக் குதிப்பார்களாம். அது ஒரு மகன் அப்பாவைக் கூப்பிட்ட சத்தம் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நான் அதை ஒரே ஒரு தடவை கேட்டேன், போதும் என்று விட்டுவிட்டேன். ரோஷன் துபாய்க்குப் போன பிறகு, மேடை போரடித்துவிட்டது என்று சொல்லி கிடாரை இறக்கி வைத்தாய். கொச்சியில் ஒரு அறை பிடித்து, சுவரெல்லாம் பஞ்சு மெத்தை ஒட்டி, மற்றவர்களின் பாட்டைப் பதிவு பண்ண ஆரம்பித்தாய். புரொடியூசர் என்றால் பணம் போடுகிறவரா என்று நான் கேட்டேன். "இல்லம்மா, எவன் எதை வாசிக்கணும், எதை விடணும், கடைசில எப்படிக் கேக்கணும்னு சொல்றவன். ரிக்கார்டு நல்லா இருந்தா பேரு அவங்களுக்கு, நல்லா இல்லன்னா எனக்கு" என்றாய். அதில் நீ பெரிய ஆளாக வந்தாய், அதை நான் மறுக்கவில்லை. கோட்டயத்திலிருந்தும் மதுரையிலிருந்தும் பிள்ளைகள் கிடாரைத் தூக்கிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்கிறார்கள். உன் காதை நம்பித்தான் நிற்கிறார்கள்.

மேடை நிஜமாகவே போரடித்ததா, இல்லை காது அப்போதே போக ஆரம்பித்துவிட்டதா என்று இப்போது யோசிக்கிறேன். அதை நீதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கொச்சிக்குக் கிளம்பின அன்று பாப்பாவுக்கு வளையல் வாங்குகிறேன் என்று ஜின்சி என்னைக் காரில் கடைவீதிக்குக் கூட்டிப்போனாள். நீ கடைசியாக முடித்துக் கொடுத்த ரிக்கார்டை, நீ கொடுத்தபடியே, காரில் போட்டாள். பாட்டு தொடங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது, எனக்குத் தெரிந்துவிட்டது. அதே ரம்பம். பாடுகிற பெண் "ச" என்று சொல்லும்போதெல்லாம் ஊசி குத்துகிறது. டிரம்மில் அந்தத் தட்டு அடிக்கும்போது பல் கூசுகிறது. உன் அப்பா டீ குடித்துவிட்டு வந்து திருகின அதே திருகு. இசை எனக்கு ஒன்றும் தெரியாது ராசா, ஆனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஜின்சி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "அம்மே, செவி வேதனிக்குன்னு" என்றாள், காது வலிக்கிறதாம். பிறகு அவளே எனக்கு ஒன்று சொன்னாள். இதை வாசித்த கோட்டயத்துப் பிள்ளைகள் ரிக்கார்டை உனக்குத் தெரியாமல் வேறு ஒருவரிடம் கொண்டுபோய் மட்டுப்படுத்திக்கொண்டார்களாம். உன் பெயரை மட்டும் அப்படியே போட்டிருக்கிறார்களாம். உன் மேல் அவ்வளவு பிரியம், முகத்துக்கு நேரே சொல்ல மனசு வரவில்லையாம். கமிட்டிக்காரர்கள் ஞாபகம் வந்தது எனக்கு. அடுத்த ரிக்கார்டுக்கு அந்தப் பிள்ளைகள் உன்னிடம் வர மாட்டார்கள்.

அது போனால் தொழில்தான் போகும். அவள் அடுத்துச் சொன்னதைக் கேள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். "ஞான் விளிச்சா திரும்பறதே இல்ல அம்மே. பாப்பா கரைஞ்சு அழுதாலும் அசைய மாட்டார். எங்க ரெண்டு பேரையும் பிடிக்காமப் போச்சு" என்றாள். காதுகுத்து முடிந்ததும் பிள்ளையோடு நெடுங்கண்டத்திலேயே தங்கிவிடலாமா என்று யோசிக்கிறாளாம். கூப்பிட்டால் திரும்பாத புருஷனைப் பற்றி வேறு என்ன நினைப்பாள்? உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நான் சொன்னால் அது உன் மேல் சொன்ன குறையாகப் போகும். நீ சொன்னால், புருஷன் தன்னிடம் வந்து சொன்னான் என்று இருக்கும். கொஞ்ச நாள் அழுவாள், சண்டை போடுவாள், அப்புறம் உன் எதிரில் நின்று வாயை அசைத்துப் பேசப் பழகிவிடுவாள். நான் பழகவில்லையா?

உனக்குப் பயமாக இருக்கும், எனக்குத் தெரியும். காது போன புரொடியூசரிடம் எவன் வருவான் என்று நினைப்பாய். ஒரு பயலும் வராமல் போகலாம். சரியாகிவிடும் என்று உனக்கு நான் பொய் சொல்லப் போவதில்லை. செத்த நரம்பு வராது என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டவள் நான். மெஷினில் எல்லாம் தகர டப்பாவுக்குள் இருந்து வருகிற மாதிரிதான் கேட்கும் என்று உன் அப்பா சொன்னார், பாட்டு பாட்டாக இருக்காதாம். இத்தனை வருஷம் கட்டின பெயர் போகும். ஸ்டுடியோவை மூட வேண்டி வரலாம். இங்கே கம்பத்துக்கு வந்து உட்கார வேண்டி வரலாம். வா. நான் சோறு போடுகிறேன். தொழில் போன மகனுக்குச் சோறு போட எனக்குத் தெம்பு இருக்கிறது. இன்னொரு தடவை நடு வீட்டில் பஞ்சை உருட்டி வைப்பதைப் பார்க்கத் தெம்பு இல்லை. நீ கொச்சி ரோட்டில் வண்டி ஓட்டுகிறவன். பின்னால் வருகிற லாரிக்காரன் உன் பெயருக்காகப் பிரேக் பிடிக்க மாட்டான்.

அதனால் கேட்டுக்கொள். நாளைக்கே ஜின்சியிடம் சொல். அவளையே கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போ. அந்தக் கோட்டயத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த ரிக்கார்டில் என் காது தப்புப் பண்ணிவிட்டது என்று நீயே சொல். காதுகுத்துக்கு வரும்போது உன் காதில் மெஷின் இருக்க வேண்டும், முடியை வளர்த்து மூடிக்கொண்டு வராதே. மெஷின் இல்லாமல் வந்தாயானால், பிள்ளை மாமன் மடியில் உட்கார்ந்த பிறகும் நான் ஆசாரியின் கையைப் பிடித்து நிறுத்துவேன். மைக்கை வாங்கி ஊரைக் கூட்டிச் சொல்வேன். மைக் செட்டுக்காரன் பெண்டாட்டிக்கு மைக்கைப் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். அசிங்கப்படுவாய், படு. உன் அப்பாவை நான் அப்படி ஒரு தடவை அசிங்கப்படுத்தியிருந்தால் அவர் என்னோடு பேசாமல் இருந்திருப்பார், ஆனால் இருந்திருப்பார்.

கடைசியாக ஒன்று. ஆசாரி ஊசியை எடுக்கும்போது எல்லாரும் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். நீ பார்க்காதே. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என் பக்கம் பார்த்து நில். நான் வாயை அசைக்க மாட்டேன், கையைக் காட்ட மாட்டேன். ஊசி இறங்கினதும் அவள் வீறிட்டு அழுவாள். அந்த நிமிஷம் நீயாகத் திரும்பிப் போய் அவளைத் தூக்கு. நான் இங்கே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அம்மா